போல்ட் யார் பையில்?

வேலையிலிருந்து நின்றவனை ஆயுத பூஜைக்குக் கூப்பிடுவது ஒரு மரியாதை என்கிறார்கள். தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, கையில் பொரி கடலைப் பொட்டலத்தைத் திணித்து, மைக்கை வாய்க்கு நேரே நீட்டி, "உங்க அனுபவத்தச் சொல்லுங்க ஐயா" என்பார்கள். இந்த வருஷம் எனக்கும் அது நடந்தது. "எல்லாரும் நல்லா இருங்கப்பா, ஒயரைப் பல்லால கடிக்காதீங்க, கத்தியால சீவுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சிரித்தார்கள், கைதட்டினார்கள். அன்றைக்குச் சொல்லாமல் விழுங்கியது இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். கொட்டகை இருந்த இடத்தையும் ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடி.

என் தொழில் லாரிக்கு ஒயரிங் பார்ப்பது. அதிலும் பட்டாள லாரிக்கு. பட்டாளத்தில் ஓடித் தேய்ந்த வண்டிகளை ஏலத்தில் விடுவார்கள். டிஸ்போசல் வண்டி என்று பெயர். எங்கள் முதலாளி அவற்றை வரிசையாக எடுத்து வந்து, முதுகில் தொட்டியை ஏற்றித் தண்ணீர் லாரியாக மாற்றினார். பாலாற்றங்கரைக் கிணறுகளிலிருந்து தண்ணீர் எடுத்து, மாமல்லபுரம் கடற்கரையில் புதிது புதிதாக முளைத்த விடுதிகளுக்கும், ஊரப்பாக்கம் பக்கத்து அடுக்குமாடிகளுக்கும் விற்றார். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் வழியில் ரோட்டை ஒட்டித் தகரக் கொட்டகை. என் தொழில் வாழ்க்கை முழுக்க அதற்குள்ளேயே முடிந்தது. தொழில் கற்ற கதை பெரிதாக ஒன்றும் இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கடையில் டைனமோ சுற்றினேன், அடி வாங்கினேன், கற்றுக்கொண்டேன். கல்யாணம் ஆனது. பிள்ளை இல்லை. அதைப் பற்றியும் சொல்ல ஒன்றும் இல்லை.

பட்டாள வண்டியின் ஒயரிங்கை முதல்முதலாகப் பார்த்தபோது எனக்கு மிரட்சியாக இருந்தது. சாதாரண லாரியில் ஒயர் என்றால் ரப்பர் போட்ட கம்பி. இதில் ஒவ்வொரு ஒயருக்கும் மேலே கம்பிப் பின்னலில் ஒரு சட்டை இருக்கும். வண்டிக்குள் வைக்கும் வயர்லெஸ் பெட்டியில் இன்ஜினின் இரைச்சல் விழாமல் இருக்க அந்தச் சட்டை. ஒவ்வொரு முனையிலும் நம்பர் அடித்த சின்னத் தகடு. வண்டிக்கு அடியில் ஒரு குட்டி விளக்கு உண்டு. அது பின் அச்சில் பூசிய வெள்ளைப் பெயிண்டில் மட்டும் வெளிச்சம் போடும். இருட்டில் விளக்கணைத்துப் போகும்போது, பின்னால் வருகிறவன் அந்த வெள்ளையைப் பார்த்துத் தொடர்ந்து வரவேண்டும். இப்படி ஒவ்வொன்றும் யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்தது. நம் ஊர் ஆட்கள் அதை வெட்டி வீசிவிட்டு, மலிவு ஒயரை இழுத்து, இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அனுப்புவார்கள். கடற்கரை உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் எல்லா முனையும் பச்சைக் களிம்பு பிடித்து நிற்கும்.

எங்கள் கொட்டகையில் அப்படி வெட்ட விடாதவர் ஒருவர் இருந்தார். ஃபோர்மேன் ஞானமுத்து. பட்டாளத்தில் இதே வண்டிகளைப் பழுது பார்த்து ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவர். அவரை எல்லோரும் ஹவில்தார் என்றே கூப்பிட்டோம். அவருடைய அப்பா திருக்கழுக்குன்றம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். இவர் காக்கிச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துத்தான் போடுவார். கிரீஸ் வேலை என்றாலும் கஞ்சி போட்ட சட்டைதான். "இன்னாத்துக்கு ஹவில்தாரே இவ்ளோ ஜோரு?" என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். "எங்கப்பனுக்குச் சட்டையே கெடையாதுடா" என்பார்.

அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. எந்த வண்டியில் யார் கை வைத்தாலும், முதலில் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்ற வேண்டும். ஒயரைக் கழற்றினால் போதாது, அதை இறுக்கும் போல்ட்டை உருவி, வேலை செய்கிறவன் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அவன் பையிலிருந்து அவன் கையால்தான் அது திரும்பப் போக வேண்டும். வேலை பாதியில் ஆள் மாறினால் போல்ட்டும் கைமாறும். ஒருவன் நாஸ்தா சாப்பிடப் போயிருந்தால், அவன் வரும்வரை அந்த வண்டியை யாரும் உயிர்ப்பிக்க முடியாது. முதலாளியே வந்து நின்றாலும் சரி.

அவர் நடந்து வரும்போது பானெட்டுக்குள் தலையை விட்டிருக்கிறவனிடம் குட்மார்னிங் சொல்ல மாட்டார். "போல்ட் எங்க?" என்பார். நாம் தலையை வெளியே எடுக்காமலே இடது மார்பைத் தட்டிக் காட்ட வேண்டும். பையில் போல்ட்டின் கனம் தெரியும். அவ்வளவுதான், போய்விடுவார். தட்டிக் காட்ட முடியாதவன் அன்று முழுக்கத் தொட்டிக்குத் துரு சுரண்டுவான். நானும் சுரண்டியிருக்கிறேன். என் மனைவிக்கு இது ஒரு புதிராகவே இருந்தது. என் சட்டைகளெல்லாம் இடது பக்கப் பையில் மட்டும் ஏன் கிழிகிறது என்று தைத்துத் தைத்து அலுத்துப் போனாள்.

இனி முதலாளியின் கணக்குக்கு வருகிறேன். இந்த வண்டிகளுக்கு இரண்டு பேட்டரி, இருபத்துநாலு வோல்ட். நல்ல பேட்டரி வாங்கிப் போட்டால் செலவு. முதலாளி வாங்க மாட்டார். அவருக்கு வசதியாகப் பட்டாளக்காரன் ஒரு வழி வைத்திருந்தான். வண்டியின் முன்பக்கம் மூடி போட்ட ஒரு பெரிய சாக்கெட் இருக்கும். நாங்கள் அதை மூக்கு என்போம். ஒரு வண்டியின் பேட்டரி செத்துவிட்டால், ஓடுகிற இன்னொரு வண்டியின் மூக்கிலிருந்து இதன் மூக்குக்கு மணிக்கட்டுத் தடிமனில் ஒரு கேபிளைச் சொருகி ஸ்டார்ட் செய்யலாம். அந்தக் கேபிளுக்குக் கொடி என்று பெயர் வைத்திருந்தோம், தொப்புள்கொடி மாதிரி என்பதால். போர்க்களத்தில் ஆபத்துக்கு வைத்த ஏற்பாடு அது. எங்கள் கொட்டகையில் தினசரிப் பிழைப்பே அதுவாகிவிட்டது. காலையில் உருப்படியான ஒரு வண்டியைக் கிளப்பி, வரிசையில் நிற்கும் மற்ற வண்டிகளுக்கு ஒவ்வொன்றாகக் கொடி கொடுத்து எழுப்புவோம்.

இதில் ஒரு விஷயம் உண்டு. கொடி வழியாக வரும் கரண்ட் நம் வண்டியின் பேட்டரியைக் கேட்டுக்கொண்டு வராது. நேராக ஸ்டார்ட்டருக்கும் சேசிஸுக்கும் போய்விடும். அப்போது எர்த் போல்ட் பையில் இருந்தாலும் ஒன்றுதான், பாலாற்றில் கிடந்தாலும் ஒன்றுதான். ஹவில்தாரின் சட்டம் மூக்கில்லாத வண்டிக்குத்தான் காவல். அவருக்கு இது தெரியாதா? தெரிந்துதான் முதலாளியிடம் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"மூக்க எல்லாம் அறுத்துடலாம் சார். வண்டிக்கு ஒரு ஜதை நல்ல பேட்டரி போட்டுக் குட்த்துடுங்க."

"வண்டி ஓடிக்கினுதானே கீது ஹவில்தாரே? ஓடற வண்டிக்கு இன்னாத்துக்கு வைத்தியம்?"

"அப்ப கொடிய நானோ தணிகாவோதான் போடணும். வேற யாரும் தொடக் கூடாது."

"சரிப்பா, நீயே வெச்சுக்க உன் கொடிய. என்னைய பேஜாரு பண்ணாத."

தணிகா என்றது என்னை. அன்றிலிருந்து கொடியைச் சுருட்டி ஆணியில் மாட்டி வைப்பது என் பொறுப்பு. முதலாளி அந்தச் சட்டத்துக்கு ஒப்புக்கொண்டார் என்று நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம். முட்டாள்கள்.

அது நல்ல கோடைக்காலம். கிணறுகளில் தண்ணீர் கீழே போய்விட்டதால் விடுதிக்காரர்கள் பிய்த்தெடுத்தார்கள். ஒரு சாயங்காலம் நாலாம் நம்பர் வண்டியில் ஸ்டார்ட்டர் நிற்கவே மாட்டேன் என்றது. சாவியை எடுத்த பிறகும் கீச்சென்று சுற்றிக்கொண்டே இருந்தது. செத்த பேட்டரியை வைத்துத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடித்தால், ஸ்டார்ட்டர் சுவிட்சுக்குள் இருக்கும் செம்புத் துண்டுகள் சூடேறி ஒன்றோடொன்று ஒட்டிப் போகும். அப்படி ஒட்டியிருந்தது. அந்த வண்டியின் மெயின் சுவிட்ச் உப்புக் காற்றில் வீணாய்ப் போய், அதைத் தாண்டி நேராக இணைத்திருந்தார்கள். நான் ஓடிப்போய் எர்த் போல்ட்டை உருவினேன். சத்தம் நின்றது. போல்ட்டை என் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கும் அதோடேயே போனேன்.

மறுநாள் காலை ஹவில்தார் வந்தார். "போல்ட் எங்க?" என்றார். மார்பைத் தட்டினேன். "நான் பாக்கறேன், குடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் தன் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார். இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

அவர் நாலாம் நம்பரின் பானெட்டைத் திறந்து, வழியில் இருந்த ஃபேன் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தார். கியர் நியூட்ரலில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து எல்லாம் முறைப்படிதான். வலது கை பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில். நான் உள்ளே மேஜையில் வேறொரு ஸ்டார்ட்டர் சுவிட்சைப் பிரித்து அவருக்காகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெளியே முதலாளியின் குரல் கேட்டது. போனில் யாரிடமோ, "அஞ்சு நிமிஷத்துல வண்டி கெளம்பும் சார், கல்யாணத்துக்கு நான் கேரண்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்து, "இன்னாங்கடா எல்லாம் தூங்கிக்கினு கீறீங்க" என்ற சத்தம். ஆணியிலிருந்து கொடியை எடுத்ததும், ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் நம்பரிலிருந்து நாலாம் நம்பருக்குச் சொருகியதும் அவரேதான். மூக்கு இருப்பது பம்பரின் ஓரத்தில். ஹவில்தார் நின்றது இன்ஜினின் மறுபக்கம். முதலாளி குனிந்து பார்த்திருந்தால் அவருடைய கால்கள் தெரிந்திருக்கும்.

சாவி வேண்டியிருக்கவில்லை. செம்பு ஒட்டித்தானே இருந்தது. சொருகிய நொடியில் இன்ஜின் சுற்றியது.

நான் வெளியே ஓடி வந்தபோது முதலாளி கொடியின் ஒரு முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பிடுங்கி எடுக்கும் புத்தி அப்போதுதான் வந்திருக்க வேண்டும். ஹவில்தார் கத்தவில்லை. பானெட்டின் மேல் சாய்ந்து நின்றார். கஞ்சி போட்ட சட்டை முழங்கைக்குக் கீழே வேறு நிறமாக இருந்தது. இதற்கு மேல் அதை எழுத எனக்கு இஷ்டமில்லை.

செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் அவருடைய சட்டையைக் கத்தரித்து எடுத்து என் கையில் கொடுத்தார்கள். மணிக்கட்டோடு கையையும் எடுத்தார்கள். சட்டையைச் சுருட்டும்போது இடது பக்கம் கனத்தது. பொத்தானைக் கழற்றிப் பார்த்தேன். போல்ட் பையில் இருந்தது.

மூன்றாம் நாள் அவருக்கு நினைவு தெளிவாக இருந்தபோது போய்ப் பார்த்தேன். எனக்கு முன்னால் முதலாளி வந்துவிட்டுப் போயிருந்தார். படுக்கைக்கு அருகில் ஆப்பிளும் ஆரஞ்சும் இருந்தன. நான் போல்ட்டை எடுத்துக் காட்டினேன்.

"இன்ஸ்பெக்டர் வராராம் ஹவில்தாரே. இத அவர் கையில குட்த்துடறேன். கொடியப் போட்டது யாருன்னு நான் சொல்றேன்."

அவர் போல்ட்டைப் பார்க்கவே இல்லை. கூரையைப் பார்த்தார்.

"போல்ட் வண்டியிலதான் இருந்துது. நான்தான் கழட்ட மறந்துட்டேன்."

எனக்கு முதலில் ஜுரத்தில் உளறுகிறார் என்றே பட்டது. "இன்னா பேசறீங்க? அன்னிக்கி உங்க சொக்காயில இருந்து நான்தானே எடுத்தேன்."

"மறந்துட்டேன்னு சொல்லிட்டேன். அவ்ளோதான்."

"பொய் சொல்றீங்க."

"ஆமா. உனக்கு இன்னா?" என்றார். பிறகு குரலை இறக்கி, "எம் பையன் தேவாவ ஆபீசுல எடுத்துக்கறேன்னு மொதலாளி சொல்றாரு. ஒயர் வேலை இல்ல, ஆபீசு வேல. ஃபேன் காத்துல உக்காந்து செய்யற வேல. எனக்குக் கையும் போச்சு, இனி எவன் வேல குடுப்பான்? எனக்கு ஒரு பையன் கீறான் தணிகா. உனக்குப் புள்ள இல்ல, உனக்குப் புரியாது" என்றார்.

கட்டில் ஓரத்தில் இருந்த ஒரு ஆரஞ்சை எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அவர் சொன்ன அந்தக் கடைசி வார்த்தைக்கு நான் அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் செத்துப் போன பிறகும்.

இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் கெட்டவர் இல்லை, நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் கேட்டார். நான் எல்லாம் சொன்னேன். முதல் நாள் சாயங்காலம் நானே போல்ட்டை உருவியதையும், காலையில் அவர் கையில் கொடுத்ததையும் சொன்னேன். "சார், அந்த வண்டியில போல்ட் மாட்டியிருந்தா ஸ்டார்ட்டர் சும்மா இருந்திருக்காது. மாட்டின நொடியில சுத்த ஆரம்பிச்சிருக்கும். சுத்தற பெல்ட்டுல எவனாவது கைய விடுவானா?" என்றேன். நான் நீட்டிய போல்ட்டைப் புரட்டிப் பார்த்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் தலையை ஆட்டினார்.

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா அடிபட்டவரே தான் மறந்துட்டதா சொல்றாரே? நான் இன்னா பண்றது சொல்லுங்க."

முதலாளி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னை வேலையை விட்டுத் தூக்குவார் என்று காத்திருந்தேன். தூக்கவில்லை. அதைவிட மோசமாகச் செய்தார். ஃபோர்மேன் ஆக்கினார். ஃபோர்மேனாக எனக்கு அவர் கொடுத்த முதல் வேலை என்ன தெரியுமா? "எல்லா வண்டியிலயும் அந்த மூக்க அறுத்துட்டுத் தகடு வெச்சு அடச்சுடு. பாக்க அசிங்கமா கீது" என்றார். எல்லா வண்டிக்கும் புதுப் பேட்டரியும் வந்து இறங்கியது. ஹவில்தார் கேட்டது எல்லாம் அவருடைய கைக்குப் பிறகு நடந்தது. மூக்குகளை நான்தான் அறுத்தேன். ஒவ்வொன்றையும் அறுக்கும்போது முதலாளியின் மூக்கை நினைத்துக்கொண்டேன், மறைக்க என்ன இருக்கிறது.

ஹவில்தார் திரும்பி வந்தார், வாட்ச்மேனாக. கேட்டைத் திறந்து மூட ஒரு கை போதும் அல்லவா. தண்ணீர் லாரிகள் போகும்போதும் வரும்போதும் இடது கையால் கம்பியை உயர்த்துவார். காக்கிச் சட்டைதான், ஆனால் கஞ்சி இல்லை. எங்கள் பக்கம் வந்தால் பானெட்டுக்குள் இருக்கும் ஆட்களைப் பார்ப்பார், போய்விடுவார். "போல்ட் எங்க?" என்று அவர் அதன் பிறகு யாரையும் கேட்டதில்லை. நான் கேட்டேன். கேட்கும்போதெல்லாம் கேட் பக்கத்தில் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வது தெரியும். நாங்கள் இரண்டு பேரும் வருஷக்கணக்கில் ஒரே கொட்டகையில் இருந்தோம், டீ குடித்தோம். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அப்படியே ஒரு தை மாதத்தில் செத்துப் போனார்.

அப்புறம் பட்டாள வண்டிகளும் போய்ச் சேர்ந்தன. புது லாரிகள் வந்தன. அதில் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன மிஷினைச் சொருகிப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, நல்ல மிஷின். நானும் நின்றுகொண்டேன்.

இப்போது இந்த வருஷத்து ஆயுத பூஜை. எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, முதலாளி வீட்டு ஆட்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளிக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் வெள்ளை வேட்டியில் கம்பீரமாகத்தான் இருந்தார். சுவரில் ஹவில்தாரின் படம், சந்தனமாலை போட்டு. அடியில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: "ஒரு நிமிட மறதி, ஒரு கையின் இழப்பு. வேலைக்கு முன் எர்த் போல்ட்டைக் கழற்றுங்கள்." நான் பேசி உட்கார்ந்த பிறகு தேவா எழுந்தான். இப்போது அவன் அங்கே மேனேஜர், பாதுகாப்பு வகுப்பும் அவன்தான் எடுக்கிறான். புதிதாகச் சேர்ந்த பையன்களைப் பார்த்துத் தெளிவாகப் பேசினான்.

"இவர் யாரு தெரியுமா? எங்கப்பா. இந்தக் கொட்டகையிலயே அவரை மாதிரி வேல தெரிஞ்ச ஆள் கெடையாது. அவரே ஒரு நாள் போல்ட்ட மறந்துட்டாரு. எங்கப்பா செஞ்ச தப்ப நீங்க செய்யாதீங்க."

கைதட்டினார்கள். முதலாளியும் தட்டினார்.

சாப்பாட்டுக்கு இலை போடும் நேரத்தில் தேவாவைப் புது லாரிகளின் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். போல்ட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். ஆஸ்பத்திரியில் எடுத்தது முதல் அது என்னிடம்தான் இருக்கிறது. அன்று எதற்காகப் போட்டுக்கொண்டு போனேன் என்று கேட்டால் தெரியாது.

"உங்கப்பா மறக்கலடா. இது அவர் பையில இருந்துது. கொடியச் சொருகினது அதோ முன்னாடி உக்காந்துகினு கீறாரே, அவரு. மறு வாரமே எல்லா மூக்கையும் ஏன் அறுக்கச் சொன்னாருன்னு ஒரு நாளாவது யோசிச்சியா?"

அவன் போல்ட்டைப் புரட்டிப் பார்த்தான். அதிர்ச்சி அடைவான் என்று எதிர்பார்த்தேன். கத்துவான், என்னை அடிப்பான், அழுவான் என்றெல்லாம் எதிர்பார்த்தேன்.

"தெரியும் அண்ணாத்த" என்றான். "அப்பா படுத்த படுக்கையா இருந்தப்ப சொல்லிட்டாரு."

"தெரிஞ்சேதான் மைக்குல அப்படிப் பேசினியா? வருஷா வருஷம்?"

அவன் முன்பக்கம் எட்டிப் பார்த்தான், யாரும் வரவில்லை. போல்ட்டைத் திரும்ப என் பையிலேயே போட்டு, மேலே லேசாகத் தட்டிக் கொடுத்தான். ஹவில்தாருக்கு நாங்கள் தட்டிக் காட்டும் அதே இடத்தில்.

"எனக்கும் ஒரு பையன் கீறான். அடுத்த வருஷம் இங்கதான் சேக்கணும்" என்றான். "வா, இலை போட்டாச்சு."

நான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன். ஊரப்பாக்கத்தில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் மனைவி சட்டையை வாங்கிப் பார்த்து, பழையபடி இடது பை கிழிந்திருக்கிறது என்றாள். தைக்க வேண்டாம் என்றேன்.

அப்பன் தன் பிள்ளைக்காக உண்மையை விற்றான். பிள்ளை தன் பிள்ளைக்காக விற்கிறான். எனக்கு அப்படி யாருக்காகவும் விற்க வேண்டியதில்லை. அதனால்தான் இதை எழுத முடிந்தது.